யீல்டு: மகசூல் அல்ல, தேறு வீதம்

சில்லு (சிப்) ஆலையின் 'யீல்டு' 60 விழுக்காடானது என்ற ஆங்கிலச் செய்தியை, "சில்லு ஆலையின் உற்பத்தித் திறன் 60 விழுக்காடாகச் சரிந்தது" என்று எழுதுகிறார்கள். படிப்பவர், பாதி எந்திரம் சும்மா கிடக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார். ஆலை இரவு பகலாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெளிவரும் சில்லுகளில் நூற்றுக்கு 40 சோதனையில் கழிந்துபோகின்றன, அவ்வளவே. மிச்சம் 60தான் யீல்டு.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குச் 'செலுத்து' என்று பொருள். பணத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல் 'கெல்டு' இதற்கு உறவு. பிறகுதான் அது வயலுக்கும் ஆலைக்கும் வந்தது.

அடுத்த தவறு 'மகசூல்'. அரபு வேர் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. 'விளைச்சல்' என்று தமிழில் மாற்றினாலும் கோளாறு தீராது. விளைச்சல் ஓர் அளவு: ஏக்கருக்கு இத்தனை மூட்டை. "மகசூல் 60 விழுக்காடு" என்றால் எதில் 60? சில்லு யீல்டு ஒரு விகிதம், நூறைத் தாண்டவே தாண்டாது. சில்லுகளை வெட்டியெடுக்கும் 300 மி.மீ. சிலிக்கான் வட்டில் 100 சதுர மி.மீ. சில்லு ஏறத்தாழ 640 அமையும். சதுர செ.மீ.க்குச் சராசரியாக 0.1 பழுது இருந்தால் சுமார் 90 விழுக்காடு தேறும். சில்லை 600 சதுர மி.மீ. ஆக்கினால் அமைவதே 90தான். தேறுவது 55 விழுக்காடு. வட்டும் பழுதும் அதேதான். சில்லு பெரிதானால் பழுது அதன்மேல் விழும் வாய்ப்பும் கூடுகிறது. சில்லு நிறுவனமான ஏஎம்டி, தன் 2019 ரைசன் கணினிச் சில்லில் கோர்களை (கணக்கிடும் உட்பகுதிகளை) 74 சதுர மி.மீ. அளவுள்ள சிறு துண்டுகளில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடைக் காயைக் கொட்டிப் பார்த்து "எத்தனை தேறும்?" என்று கேட்கிறோமே, அதே கேள்வி. ஆகவே 'தேறு வீதம்'. 'தேறல்' வேண்டாம், அது சங்கப் பாட்டில் தெளிந்த கள்.

'கிளாக் ஸ்பீடு' என்பதைக் 'கடிகார வேகம்' என்று எழுதுபவர்களும் இவர்களே. சில்லுக்குள் மணி காட்டும் முள் எங்கே இருக்கிறது? அது துடிப்பு வேகம். 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடித் துடிப்பு. 2000 மார்ச் 6 அன்று ஏஎம்டி தன் அத்லான் சில்லை அந்த வேகத்தில் அறிவித்தது, இரண்டு நாளில் போட்டி நிறுவனம் இன்டெல் தன் பென்டியம் 3 சில்லை. ஒரே வட்டில் 800 மெகாஹெர்ட்ஸில் தேறும் சில்லு 1000-இல் பிழைவிடும். எனவே வேகத்துக்கு வேகம் தேறு வீதம் வேறு. அவ்வாண்டு ஜூலை இறுதியில் வந்த 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, அப்படிப் பிழைவிட்டதால் ஆகஸ்ட் முடிவதற்குள் திரும்பப் பெறப்பட்டது.

2008-இல் ஏஎம்டி, நான்கு கோர் சில்லில் ஒரு கோரை முடக்கி ஃபெனம் எக்ஸ்3 என விற்றது. அதை மகசூலில் எப்படிச் சொல்வார்களோ. தமிழில், மூன்று கோராகத் தேறியது.