ஜல்லி போட்டும் கள்ளி அழுகுவது ஏன்?

ஏற்காடு கோடை விழாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பலர் மடியில் ஒரு சின்னக் கள்ளித் தொட்டியோடுதான் மலையிறங்குகிறார்கள். அப்படி வாங்கி வந்த அம்மாப்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டுத் தோட்டத்துச் செம்மண்ணில் மாற்றி நட்டேன். தண்ணீர் தேங்கக் கூடாது என்று தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஜல்லியும் போட்டேன். ஆனாலும் அடித்தண்டு கொழகொழவென்று அழுகிவிட்டது. மலை அடிவாரத்தில் இதே செம்மண்ணில் சதுரக்கள்ளி ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, அது எப்படி?”

அருமையான கேள்வி. ஒரே மண் மலையில் கள்ளியை வாழவைக்கிறது, தொட்டியில் கொல்கிறது. எனவே கோளாறு மண்ணின் சத்தில் இல்லை.

வேரும் மூச்சுவிடுகிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் நீரில் ஆக்சிஜன் பரவும். மண் இடுக்குகளில் நீர் நிறைந்து நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். செத்த வேரில் அழுகல் நோய்க் கிருமிகள் ஏறும். இதுவரை பள்ளிப் பாடம்தான். நீர் ஏன் வடியாமல் நிற்கிறது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

நுண்புழை ஏற்றம் நினைவிருக்கிறதா? மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால், பரப்பு இழுவிசையால் நீர் தானே மேலேறி நிற்கும். குழாயின் விட்டம் 1 மி.மீ. என்றால் ஏறத்தாழ 3 செ.மீ. ஏறும், 0.1 மி.மீ. என்றால் 30 செ.மீ. ஏறும். துளை குறுகக் குறுகப் பிடி இறுகும். மண்ணில் துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் எல்லாம் இத்தகைய குழாய்களே. புவியீர்ப்பு கீழே இழுக்க, இடுக்கு மேலே பிடிக்க, இரண்டும் சமமாகும் உயரம் வரை தொட்டியின் அடியில் நீர் நிறைந்தே நிற்கும். துளை எத்தனை போட்டாலும் அது வடியாது.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சு (ஸ்பாஞ்ச்) ஒன்று இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பஞ்சை நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கைவசமாக ஏந்துங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பிழியாமல் அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். உடனே மறுபடியும் நீர் கொட்டும்! பஞ்சும் அதேதான், துளைகளும் அவையேதான். உயரம் மட்டும் கூடியது. அடியில் சில சென்டிமீட்டரைத் தவிர மற்ற இடமெல்லாம் வடிந்துவிட்டது. அந்த ஈர அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது பஞ்சின் துளை அல்லது மண்ணின் இடுக்கு எவ்வளவு குறுகல் என்பதுதான். தொட்டி குட்டையா நெட்டையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

இப்போது ஜல்லிக்கு வருவோம். ஜல்லிகளுக்கு இடையே உள்ளவை பெரிய சந்துகள். அவற்றுக்கு நீரை இழுக்கும் வலு அநேகமாக இல்லை. மேலே உள்ள நுண்ணிய மண்ணோ நீரை விடாது. மண்ணின் அடிப்பக்கம் முழுக்க நிறைந்த பிறகுதான் ஜல்லிக்குள் ஒரு சொட்டு விழும். 12 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் அந்த மண்ணின் ஈர அடுக்கு 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஜல்லி இல்லாவிட்டால் மேலே 7 செ.மீ. காற்றோட்டமான மண் கிடைக்கும். அடியில் 5 செ.மீ. ஜல்லி போட்டால் மண்ணே 7 செ.மீ.தான்; அதில் அடி 5 செ.மீ. சேறு. காற்றோட்டத்துக்கு மிஞ்சுவது வெறும் 2 செ.மீ.! வேருக்கு உதவுவதாக நினைத்து ஈர அடுக்கைத் தூக்கி வேரின் மேலேயே வைத்துவிடுகிறோம்.

மலைச்சரிவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே மண்ணின் இடுக்குகள் அறுபடாமல் ஆழம்வரை தொடர்கின்றன. மேல் மண்ணின் நீரைக் கீழ் மண் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தொடர்ச்சி தொட்டியில் துண்டிக்கப்படுகிறது.

ஆகவே, கல்லை அடியில் கொட்டாமல் மண் முழுவதும் கலக்க வேண்டும். அதுவும் கொஞ்சமாகக் கலந்தால் இடுக்குகளை மண் அடைத்துவிடும். பருமனான துகள்தான் பெரும்பங்காக இருக்க வேண்டும். சேலத்து வெயிலுக்கு நான் சொல்வது: மூன்று பங்கு 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள செங்கல் உடைசல் அல்லது கருங்கல் சிப்ஸ், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழு உரம். செங்கல் என் முதல் தேர்வு. அதன் உடலுக்குள் நுண்துளைகள் ஈரத்தை வைத்துக்கொள்ளும், துண்டுகளுக்கு இடையே காற்று ஓடும். எம்-சாண்ட் போடுகிறவர்கள் பூச்சு வேலைக்கு விற்பதை வாங்க வேண்டாம். கான்கிரீட்டுக்கானதையும் ஜன்னல் கொசுவலையில் சலித்து, வலையில் தங்குவதை மட்டும் கழுவிப் பயன்படுத்துங்கள். கீழே விழும் மாவுத்தூள்தான் இடுக்கை அடைக்கும் எதிரி. நர்சரிச் செடிகளின் வேரைச் சுற்றியிருக்கும் தென்னை நார்க்கழிவையும் மாற்றி நடும்போது மெதுவாக உதிர்த்துவிடுங்கள்.

முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று இதற்குள் யாராவது வாசகியிடம் சொல்லியிருப்பார்கள். அதே வீட்டு வாசலில் திருஷ்டிக்காகக் கற்றாழை தலைகீழாகத் தொங்கும்! மண்ணே இல்லாமல் அது மாதக்கணக்கில் பசுமையாக இருப்பதைத் தெய்வ சக்தி என்கிறார்கள். பகலில் இலைத்துளைகளை மூடி, இரவின் குளிர்ச்சியில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமிக்கும் செடி அது. வறட்சி முற்றினால் இரவிலும் மூடிக்கொண்டு உள்ளிருப்பை வைத்தே காலம் தள்ளும். கண்ணேறு கழிப்பதைவிட இது எவ்வளவு பெரிய அதிசயம்! பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு ஆதங்கம். ‘கள்ளி மண்’ என்று விற்கும் பைகளில் துகள் அளவைப் போட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும். நம் வட்டாரத்துச் செங்கல் உடைசல், நார்க்கழிவு எல்லாம் எவ்வளவு நீர் பிடிக்கும், எவ்வளவு காற்று விடும் என்று அளந்து வெளியிட ஒரு கல்லூரி ஆய்வகமும் கொஞ்சம் பணமும் போதும். பகட்டில்லாத இத்தகைய ஆய்வுக்குத்தான் நிதி முதலில் போக வேண்டும்.

வாசகியின் செடியில் மேல்பாதி இன்னும் கெட்டியாக இருந்தால் காப்பாற்றலாம். பழுப்பு நிறம் துளியும் தெரியாத இடம் வரை சுத்தமான கத்தியால் அறுத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை பத்து நாள் நிழலில் வையுங்கள். பிறகு காய்ந்த கலவையில் ஊன்றி, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர் விடுங்கள். அடுத்த தண்ணீர், தொட்டியின் அடித்துளையில் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்து அது ஈரமில்லாமல் வந்த பிறகுதான்.