டப்பாவைத் திறந்ததும் வரும் நெடி

பழைய படச்சுருள் சேகரிப்பவர்கள் டப்பாவைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பார்கள். வினிகர் நெடி அடித்தால் முகம் வாடிவிடும்.

அவர்கள் தேடும் படங்களில் ஒன்று 1962இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. கன்சாஸ் மாநிலத்தில் விளக்கப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி இயக்கிய ஒரே முழுநீளக் கதைப்படம். கார் ஆற்றில் கவிழ்ந்த பிறகு கரையேறும் ஆர்கன் கலைஞரை ஒரு வெளிறிய முகம் விடாமல் தொடர்கிறது. அந்த முகமும் ஹார்வியுடையதுதான். ரத்தமே கிடையாது. துணிக்கடையில் திடீரென ஓசையெல்லாம் அடங்கி, அவள் பேசுவது யார் காதிலும் விழாமல் போகும் காட்சி ஒன்று போதும், முதுகு சில்லிட.

திரையிட்ட பிரதிகளில் காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. கண்டவர்களும் நகலெடுத்தார்கள், நகலின் நகலில் அந்த வெளிறிய முகம் வெறும் வெள்ளைத் திட்டானது. சாம்பல் நிறத்தின் சாயல்களைப் பார்க்க வேண்டுமென்றால் நல்ல சுருள் வேண்டும். மவுசு அதனால்தான்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் பிம்பம் என்பது ஜெலட்டினில் பதிந்த வெள்ளித் துகள்கள். அவை எளிதில் மங்குவதில்லை. சிக்கல், அவற்றைத் தாங்கும் அசிடேட் பட்டையில். மரக்கூழின் செல்லுலோஸுடன் அசிடைல் தொகுதிகளைப் பிணைத்துச் செய்த பிளாஸ்டிக் அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பிணைப்பு அறுந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. வினிகரில் இருக்கும் அதே அமிலம். அது வினையூக்கியாகி அடுத்த பிணைப்பை அறுக்கிறது. பாலில் விழுந்த உறைமோர் போல, தொடக்கத்தில் மெதுவாக, பிறகு மளமளவென்று. டப்பாவை இறுக மூடினால் ஆவி உள்ளேயே தங்கி வேகம் கூடும். பக்கத்துச் சுருளுக்கும் தொற்றும்.

பட்டை சுருங்குகிறது, ஜெலட்டின் அந்த அளவு சுருங்காமல் மடிப்பு மடிப்பாக எழும்புகிறது. நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே ஆபத்து: ஓரத்துளைகள் புரொஜக்டரின் பற்களோடு பொருந்தாமல் கிழியத் தொடங்கும்.

படச்சுருள் நிறுவனமான கோடாக் 1948இல் டிரைஅசிடேட் என்ற அசிடேட் வகைச் சுருளைக் கொண்டுவந்தது. பத்தாண்டுகளுக்குள் இந்தச் சிதைவு பற்றிய முதல் தகவல் இந்திய அரசிடமிருந்தே அதற்குப் போனது. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அது ஈடுகொடுக்கவில்லை.

நெடிக்கு முன்பே கண்டுபிடிக்க நீலக் காகிதத் துண்டு உண்டு. டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்தால் அமிலத்துக்கு ஏற்பப் பச்சையாகி, மஞ்சளாகும். மஞ்சளானால் மீட்க வழியில்லை, குளிரூட்டித் தள்ளிப்போடலாம், அவ்வளவே. ஈரம் புகாத உறையிலிட்டுக் குளிர்பெட்டியில் காய்கறிகளுக்கு மேல்தட்டில் பேய்ப்படத்தை வைத்திருப்பவர்களின் வீட்டார் பொறுமைசாலிகள்.