அணுகல்தன்மை: வாசல் வரைக்குமா, இருக்கை வரைக்குமா?

கச்சேரி டிக்கெட் வாங்கும் பக்கத்தில் ‘வீல்சேர் ஆக்சஸிபிள்’ என்று போட்டிருப்பார்கள். இந்த ஆக்சஸிபிலிட்டிக்குத் தமிழில் அணுகல்தன்மை, அணுகுதிறன், தடையற்ற சூழல் என்று பல சொற்கள் புழங்குகின்றன. மூன்றும் ஒன்றல்ல.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன். ‘அக்கேடெரே’ என்றால் ஒன்றை நோக்கிப் போவது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ‘ஆக்சஸ்’ காய்ச்சல் வந்து தாக்குவதைக் குறித்தது. நோய் ஆளை நெருங்கியது. ஆள் ஓர் இடத்துக்குள் போவது என்ற பொருள் அப்புறம்தான் வந்தது.

நம் ‘அணுகு’ம் நெருங்குவதுதான். அண்மை, அண்டை வீடு, அணைத்தல் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்கிறது குறள் (691). பக்கத்தில் போவதோடு சொல்லின் வேலை முடிகிறது. உள்ளே போய் உட்காருவதை அது சொல்லவில்லை. ‘விவரங்களுக்கு அலுவலகத்தை அணுகவும்’ என்று போர்டு வைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு மார்கழியில் அத்தையைச் சக்கர நாற்காலியில் ஒரு சபாவுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. அங்கே 18 அடி வேண்டும். இருந்தது ஒரு பலகை. “கவலைப்படாதீங்க சார், நாலு பேர் தூக்கிடறோம்” என்றார் தொண்டர் ஒருவர். நல்ல மனசுதான். அத்தைக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. “அணுகியாச்சுடா, வாசல் வரைக்கும் வந்துட்டேனே” என்றாள்.

இதனால்தான் ‘அணுகுதிறன்’ எனக்குப் பிடிக்காத சொல். திறன் யாருக்கு? படியேற முடியாதவருக்குத் திறன் போதவில்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது. குறை கட்டடத்தில் இருக்கிறது. ‘அணுகல்தன்மை’ கொஞ்சம் கரடுமுரடு என்றாலும் அந்தத் தன்மையை இடத்தின்மேல் ஏற்றுகிறது. ‘தடையற்ற’ இன்னும் எளிது, ஆனால் தடையை நீக்குவதோடு அது நின்றுவிடும். காது மந்தமானவருக்குப் படி ஒரு தடையே இல்லை. அவருக்கு வேண்டியது தூண்டல் வளையம். அரங்கத்தைச் சுற்றி ஒரு கம்பியை ஓட்டி, மைக்கில் விழும் பாட்டைக் காந்தப்புலமாக அனுப்புவார்கள். காதுக் கருவியை, அந்தக் காந்தப்புலத்தைப் பிடிக்கும் ‘டி’ நிலைக்கு மாற்றினால் பக்கத்து மாமியின் பேச்சு அமுங்கி, பாட்டு மட்டும் கேட்கும்.

சட்டத்தில் ‘அணுகல்தன்மை’க்குக் கனம் அதிகம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘பொதுக் கட்டடம்’ என்பதில் மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும், பண்பாட்டு, பொழுதுபோக்கு இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே சபாவும் உள்ளே வருகிறது. அணுகல்தன்மைத் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, அத்தை கதைக்கு வருவோம். ஒருவழியாக உள்ளே போய், நாற்காலியை இருக்கை வரிசைகளுக்கு இடையே இருந்த நடைபாதை ஓரத்தில் நிறுத்தினோம். மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், வழக்கம்போல, பாதி சபை கேன்டீனுக்கு எழுந்தது. அத்தைக்கு மிருதங்கம் தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன. ரசிகர்கள் நின்றே ஆடும் ராக் கச்சேரியில் முழு இரவும் இதே கதி. அதனால் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி போன்ற திறந்தவெளி விழாக்களில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று உயரமான மேடை கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அதை ‘வியூவிங் பிளாட்ஃபார்ம்’ என்கிறார்கள். தமிழில் ‘பார்வையாளர் உயர்மேடை’ என்று யாராவது நீட்டி முழக்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: பயிர்க் காவலுக்காகக் கொல்லையில் கால் நட்டு உயரத்தில் கட்டுவோமே, அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பரண். சாய்தளம் வைத்த பரண்.