பழமண வோட்கா: சொல் விளக்கம்

இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ரொபெர்த்தோ கவல்லியின் பெயரில், பாம்பு சுற்றிய புட்டியில் வந்த வோட்காவில் ஆரஞ்சு வகையும் உண்டு. இத்தகைய பானத்தைத் தமிழில் ‘பழச்சுவை வோட்கா’ என்று எழுதிவருகிறோம். ‘பழமண வோட்கா’ என்பதே பொருந்தும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சிலதான். ஆரஞ்சை ஆரஞ்சு என்று காட்டிக்கொடுப்பது தோல் எண்ணெயின் மணம். புட்டிக்குள் பழச்சாறு இருந்தாக வேண்டும் என்பதில்லை.

வோட்கா ஸ்லாவிய மொழிச் சொல். ‘வொதா’ என்றால் நீர். ‘சிறியது’ என்ற பொருள் தரும் ‘கா’ விகுதி அதனோடு சேர்ந்தது. போலந்து நீதிமன்றப் பதிவேட்டில் 1405இலேயே இச்சொல் இருக்கிறது. தொடக்கத்தில் அது மருந்துக்காக வடித்த நீரையும் குறித்தது. இதற்கு மிக நெருங்கியது சித்த மருத்துவத்தின் ‘தீநீர்’: ஓமத்தை நீரிலிட்டு வாலையில் (வடிகலத்தில்) காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து இறக்கினால் ஓமத் தீநீர். ஆனால் வயிற்றுவலிக்குக் கொடுக்கும் மருந்தின் பெயரை மதுவுக்கு வைப்பது ஆபத்து. சங்கப் பாடல்களின் ‘தேறல்’ கேட்க இனிது. அதுவோ தெளிந்த கள், வாலையில் காய்ச்சி இறக்கியதன்று. ஆகவே விஸ்கி, பிராந்தி போல வோட்காவும் அப்படியே நிற்கட்டும். அடைமொழியில்தான் கவனம் வேண்டும்.

மணச்சாரம் கலந்தாலும், தோலோடு சேர்த்து மறுபடி காய்ச்சி வடித்தாலும் பழமண வோட்காதான். பழத்தையோ தோலையோ போட்டு வைத்திருந்தால் ‘பழம் ஊறிய வோட்கா’, ‘தோல் ஊறிய வோட்கா’ எனலாம். ‘ஊறல் வோட்கா’ மட்டும் வேண்டாம். ஊறல் என்றால் நம் ஊரில் போலீசார் அழிக்கும் சாராய ஊறல்.

தோல் ஊறுவதற்கு 700 மி.லி. வோட்காவுக்கு நான்கு பெரிய மஞ்சள் எலுமிச்சைகளின் தோல், வெளிச்சம் படாத இடம், மூன்று முதல் ஐந்து நாள் போதும். மஞ்சள் பகுதியை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் வெள்ளைப் பஞ்சு சேர்ந்தால் கசக்கும். பிறகு தண்ணீர் விட்டதும் பால்போல் கலங்கினால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். மது நீர்க்கும்போது, அதில் கரைந்திருந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிகிறது, அவ்வளவே.

சதைப்பழத்தில் சிக்கல் வேறு. 700 மி.லி., 40 சதவீத வோட்காவில் 280 மி.லி. ஆல்கஹால். 400 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் ஏறக்குறைய 360 மி.லி. தண்ணீர். அது முழுதும் இறங்கினால் 1,060 மி.லி.க்கு வலிமை 26 சதவீதமாகிவிடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 37.5 சதவீதத்துக்குக் குறைந்தால் அதை மணமூட்டிய வோட்கா என்று விற்க முடியாது. லிட்டருக்குச் சர்க்கரை 100 கிராமுக்குக் கீழே இருக்கவும் வேண்டும். 100 கிராமும் அதற்கு மேலும் என்றால் அது லிக்யூர் எனும் இனிப்பு மது வகைக்குப் போகிறது. இப்படி நீர்த்துப்போகும் என்பதால்தான் பழம் ஊறவைக்கும் ‘நலேவ்கா’வுக்குப் போலந்துக்காரர்கள் 60, 70 சதவீதச் சாராயம் எடுக்கிறார்கள்.

‘திராட்சை வோட்கா’ என்று மொட்டையாக எழுதுவதும் குழப்பும். பிரான்சின் ‘சீராக்’ என்ற வோட்காவைத் திராட்சையிலிருந்தே வடிக்கிறார்கள். அதன் அடிப்படை வகையில் பழமணம் சேர்ப்பதில்லை. தானியமும் உருளைக்கிழங்கும் அல்லாத மூலப்பொருளை ஐரோப்பாவில் லேபிளில் சொல்லியாக வேண்டும். சீராக் போன்றதைத் தமிழில் ‘திராட்சையில் வடித்த வோட்கா’ என்றும், மணம் மட்டும் சேர்த்ததைத் ‘திராட்சைமண வோட்கா’ என்றும் பிரித்து எழுதலாம்.