தோள்பையோடு தீவு சுற்றப் போகிறீர்களா, ஊசியை ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளாதீர்கள்

டிசம்பர் பாதியில் கிளம்பி, பாங்காக்கில் இரண்டு நாள், அங்கிருந்து ஏதாவது ஒரு தீவு, அப்புறம் பாலி, முடிந்தால் திரும்பும் வழியில் கோலாலம்பூர் என்று தோள்பையை மாட்டிக்கொண்டு சுற்றிவிட்டு, பொங்கலுக்குச் சென்னை வந்து சேர்கிற பிள்ளைகளை ஒவ்வொரு ஜனவரியிலும் என் கிளினிக்கில் பார்க்கிறேன். போவதற்கு முன்னால் வருபவர்கள் கேட்பதெல்லாம் வயிற்றைப் பற்றித்தான். ரோட்டோரக் கடையில் சாப்பிடலாமா, ஜூஸில் ஐஸ் போடலாமா, வயிற்றுப்போக்கு வந்தால் என்ன மாத்திரை? வயிறு பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். நாலு ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துப் போங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் குடியுங்கள், மலத்தில் ரத்தமோ கடுமையான காய்ச்சலோ இருந்தால் அங்கேயே டாக்டரைப் பாருங்கள், முடிந்தது. எனக்குப் பயம் அதில் இல்லை. திரும்பி வந்தவர்கள் சொல்கிற ஒரு வாக்கியத்தில்தான்: "அங்கே எதுக்குச் செலவு, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன் டாக்டர்."

இதை அதிகம் கேட்பது குரங்கு விஷயத்தில். பாலியில் உலுவாத்து கோயில் குரங்குகள் கண்ணாடியையும் செல்போனையும் பறித்துக்கொண்டு, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். வேடிக்கையாகத்தான் இருக்கும், வீடியோவும் நன்றாக ஓடும். ஆனால் பறித்ததைக் கையால் இழுத்துப் பிடுங்கப் பார்க்கும் அந்த நொடியில்தான் கடியும் பிறாண்டலும் நடக்கிறது. உபுத் குரங்கு வனத்தில் தோளில் ஏறவிட்டுப் படம் எடுப்பதும் அப்படித்தான். பத்துமலையில் 272 படி ஏறும்போது பூஜைப் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகும் நம்மவர்களுக்கும் இதே நிலைதான். "சின்னக் கீறல்தான் டாக்டர்" என்று முழங்கையைக் காட்டுவார்கள். அது எப்போது நடந்தது என்று கேட்டால் பத்து நாளுக்கு முன்னால் என்பார்கள்.

பாலி 2008 வரை ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், இல்லாத தீவு. அந்த ஆண்டு நாய்களிடையே நோய் கண்டுபிடிக்கப்பட்டது, இன்றுவரை ஒழியவில்லை. கடற்கரையில் கூடவே நடந்து வரும் அந்த அழகான நாய்க்குட்டியும் கணக்கில் உண்டு. நாயோ குரங்கோ பூனையோ, பல் பட்டோ நகம் பட்டோ தோல் கிழிந்தால் முதல் வேலை ஆஸ்பத்திரி தேடுவது அல்ல, குழாயைத் திறப்பது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள் வேண்டாம், இறுக்கிக் கட்டும் போட வேண்டாம். அப்புறம் அன்றைக்கே தடுப்பூசி. ரத்தம் வந்த காயமாக இருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் வேண்டும், அதைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அந்த இடைவெளியில் வைரஸ் நரம்பைப் பிடித்துவிடாமல் காப்பது இதுதான். சின்னத் தீவுகளில் இது கிடைக்காமல் போகலாம். அப்படியானால் முதல் தடுப்பூசியை அங்கே போட்டுக்கொண்டு பெரிய ஊருக்கு வந்துவிடுங்கள், முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் போட்டுக்கொள்ளலாம். பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் சாவபா நினைவு நிலையம் இருக்கிறது. பாம்புப் பண்ணை பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் போகும் அதே வளாகம்தான், ரேபிஸ் சிகிச்சையில் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற இடம். மீதி ஊசிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். என்ன மருந்து, எந்தத் தேதி என்று எழுதிய அட்டையைப் பத்திரமாகக் கொண்டு வந்தால் இங்கே அரசு மருத்துவமனையிலேயே தொடரலாம். பத்து நாள் கழித்து ஞாபகம் வந்தாலும் போடத்தான் வேண்டும், "இனிமேல் என்ன பயன்" என்று விட்டுவிடாதீர்கள். அறிகுறி வந்த பிறகுதான் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. போவதற்கு முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டால், கடி பட்டாலும் இரண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலினைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு மாதம் தீவு தீவாகச் சுற்றப் போகிறவர்களுக்கு நான் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு.

அடுத்து ஸ்கூட்டர். ஊரில் கியர் இல்லாத வண்டியைக்கூடத் தொடாதவர்கள் தீவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை அடமானம் வைத்து வண்டி எடுக்கிறார்கள் (பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், பணமாக முன்பணம் கொடுங்கள்). செருப்புக் கால், அரைக்கால் சட்டை, மழை பெய்து மணல் படிந்த மலைச்சரிவு. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் நம்மைப் போல இடப்பக்கம், வியட்நாம், கம்போடியா, லாவோஸ், பிலிப்பைன்ஸில் வலப்பக்கம். காப்பீடு எடுத்திருக்கிறோமே என்பார்கள். வேறு எதைப் படிக்காவிட்டாலும் பாலிசியில் இரு சக்கர வாகனம் பற்றிய பத்தியை மட்டும் படியுங்கள். செல்லுபடியாகும் உரிமம் இல்லை, ஹெல்மெட் இல்லை, குடித்திருந்தார், இதில் ஏதாவது ஒன்று போதும், செலவு முழுக்க உங்கள் தலையில். ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வருவது, வியட்நாம் ஒப்புக்கொள்வதோ 1968 வியன்னா உடன்படிக்கையின் அனுமதியை. அதாவது அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹா ஜியாங் மலைப்பாதையில் ஓட்டினாலும், விபத்து என்று வந்தால் உரிமம் இல்லாதவர்தான். பின்னால் உட்கார்ந்து போங்கள், ஓட்டத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் கிடைக்கிறார்கள்.

வலது கெண்டைக்காலின் உள்பக்கம் வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு, அதைப் பார்த்ததும் எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்று கேட்கவே தோன்றாது, புகைபோக்கிக் குழாய் செய்த வேலை. இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், டூத்பேஸ்ட் தடவாதீர்கள், கொப்புளத்தோடு கடலில் இறங்காதீர்கள். எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டால், "போதும் அம்மா கிட்டப் போயிடலாம்" என்று அன்று இரவே விமானம் ஏறுவதும் ஆபத்து. முழுச்சுற்று மாவுக்கட்டுக்குள் கால் வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். இரண்டு நாள் பொறுங்கள், அல்லது கட்டைப் பிளந்துவிடச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ இருந்தால் விமானப் பேச்சே கிடையாது, முதலில் ஸ்கேன்.

குளிர்கால விடுமுறை என்று சொல்கிறோமே தவிர, அங்கே பாதி இடங்களில் அது மழைக்காலம். சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் தாய்லாந்தின் சாமுய், பங்கான் தீவுகளையும் ஆண்டுக் கடைசியில் நனைக்கிறது. பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. ஃபூக்கெட், கிராபி பக்கம் மட்டும் வெயில். மழை என்றால் டெங்கு, பகலில் கடிக்கும் கொசு, ஆகவே ராத்திரி மட்டும் கொசுமருந்து தடவிப் பயனில்லை. இங்கே நம்மவர்களுக்கென்று ஒரு விசேஷக் கவலை உண்டு. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் பலருக்குத் தெரியாமலேயே ஒருமுறை டெங்கு வந்து போயிருக்கும், அங்கே வேறு வகை டெங்கு தொற்றினால் இரண்டாவது தடவை தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். உடம்புவலிக்கு என்று இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள், ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் விட்டதும் பிழைத்தோம் என்று ஹாஸ்டலைக் காலி செய்து அடுத்த தீவுக்குக் கிளம்புவார்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் எங்கெல்லாம் போனோம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மது பற்றி உபதேசம் செய்யப் போவதில்லை. இலவசமாக ஊற்றிக் கொடுப்பதையும், பெயரில்லாத பாட்டிலையும், வாளியில் கலந்து தருவதையும் மட்டும் குடிக்காதீர்கள். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியாங்கில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் செத்தது மெத்தனாலால், அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே விஷம். ஹேங்ஓவர் மாதிரிதான் தொடங்கும். மறுநாள் பார்வை மங்கினாலோ, கண்முன் வெள்ளையாகத் தெரிந்தாலோ தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்காதீர்கள், நண்பனையும் படுக்கவிடாதீர்கள். டயாலிசிஸ் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த மணி நேரத்திலேயே போக வேண்டும்.

கடைசியாக, தாய்லாந்தின் கொ தாவோ தீவில் ஆழ்கடல் டைவிங் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. கடைசி நாள் காலையிலும் ஒரு டைவ் போட்டுவிட்டு அன்று மாலையே விமானம் பிடிக்கும் திட்டத்தோடு வருகிறார்கள். பல டைவ் போட்டவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மேலே போனதும் குமிழியாகும், மூட்டுவலியில் தொடங்கிக் கால் செயலிழப்பது வரை போகலாம். படகில் சும்போன் வந்து, அங்கிருந்து ராத்திரி ரயிலில் பாங்காக் போய், அதற்கு மறுநாள் விமானம் என்று டிக்கெட் போடுங்கள், செலவும் குறையும்.