பிராசஸரின் சூடு வோல்டேஜில் இருக்கிறது

பிராசஸர் 95 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்றதும் பெரும்பாலோர் கூலரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். தெர்மல் பேஸ்ட்டை மாற்றுகிறார்கள், கேபினெட்டில் இன்னொரு ஃபேன் சேர்க்கிறார்கள், கடைசியில் பெரிய கூலராகப் பார்த்து வாங்குகிறார்கள். இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் கூலரின் வேலை சூட்டை வெளியே கொண்டுபோவது மட்டுமே. உள்ளே 200 வாட் செலவானால் அந்த 200 வாட்டும் வெப்பமாகி அறைக்குள்தான் வந்து சேரும். சூடு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. அதற்குச் செலவு கிடையாது, பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பு மென்பொருள்) சில எண்களை மாற்றினால் போதும். எந்த எண்ணை எவ்வளவு மாற்றலாம் என்று தெரிய, அது ஏன் வேலை செய்கிறது என்பது முதலில் புரிய வேண்டும்.

ஒரு பிராசஸரில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அதில் இரண்டே இரண்டை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவிலிருந்து வெளியே போகும் ஒரு கம்பி. பாடப்புத்தகத்தில் ‘நாட் கேட்’ என்று படித்திருப்போமே, அதுதான். அந்தக் கம்பியும், அதன் மறுமுனையில் காத்திருக்கும் அடுத்த டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து ஒரு குட்டி மின்தேக்கியாக நடந்துகொள்கின்றன. கம்பி 0-விலிருந்து 1-க்கு மாறவேண்டும் என்றால் மேல் டிரான்சிஸ்டர் திறந்து, சப்ளையிலிருந்து மின்னூட்டம் வந்து அந்த மின்தேக்கியை நிரப்ப வேண்டும். அப்படி வரும் ஆற்றலில் பாதிதான் மின்தேக்கியில் தங்குகிறது. மறுபாதி வரும் வழியிலேயே, டிரான்சிஸ்டரின் தடையில் வெப்பமாகிப் போய்விடுகிறது. அப்புறம் கம்பி மறுபடி 0 ஆகும்போது கீழ் டிரான்சிஸ்டர் திறந்து, தங்கியிருந்த பாதியையும் தரைக்கு வடித்துவிடுகிறது. அதுவும் வெப்பம்தான். ஒரு சுற்று முடிந்தால் எடுத்த ஆற்றல் மொத்தமும் சூடாகிவிட்டது. டிரான்சிஸ்டரின் தடை கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு தரும் விஷயம்.

சரி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆற்றல்? மின்தேக்கியில் எவ்வளவு மின்னூட்டம் நிறைகிறது என்பதை வோல்டேஜ் தீர்மானிக்கிறது. அந்த மின்னூட்டம் எவ்வளவு ஆற்றலைச் சுமந்து வருகிறது என்பதையும் வோல்டேஜே தீர்மானிக்கிறது. இரண்டு இடத்திலும் வோல்டேஜ் வருவதால், செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஒரு நொடிக்கு எத்தனை சுற்று என்பது கடிகார வேகம். அது நேர் விகிதத்தில் மட்டுமே ஏறுகிறது. வேகம் அப்படியே இருக்க, 1.30 வோல்ட்டை 1.20 வோல்ட்டாக இறக்கினால் வோல்டேஜ் 8 சதவீதம்கூடக் குறையவில்லை. ஆனால் இந்த வகை மின்செலவு கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைந்துவிடும்.

இதோடு கசிவு என்று ஒன்றும் உண்டு. மூடியிருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவும், சரியாக அடைக்காத குழாயில் நீர் ஒழுகுவதுபோல, கொஞ்சம் மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கும். வோல்டேஜ் ஏறினால் கசிவு ஏறும், வெப்பநிலை ஏறினாலும் ஏறும். சிலிக்கான் சூடாவதால் கசிகிறது, கசிவதால் இன்னும் சூடாகிறது. அதனால் வோல்டேஜைக் குறைப்பவருக்கு லாபம் இரண்டு பக்கமும் வருகிறது.

வோல்டேஜ் இவ்வளவு செலவு வைக்கிறது என்றால் ஏன் அதைக் கொடுக்க வேண்டும்? வேகத்துக்காக. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 200 பிகோநொடிதான். அந்த நேரத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் ஒரு சிக்னல் வரிசையாகப் பல கேட்களைக் கடந்து, கடைசி மின்தேக்கியையும் நிரப்பி முடித்திருக்க வேண்டும். வோல்டேஜ் கூடினால் டிரான்சிஸ்டர் அதிக மின்னோட்டத்தை விடும், மின்தேக்கி சீக்கிரம் நிரம்பும். வோல்டேஜ் போதவில்லை என்றால் அடுத்த துடிப்பு வரும்போது சிக்னல் இன்னும் பாதி வழியில் இருக்கும். 1 என்று படிக்க வேண்டியதை பிராசஸர் 0 என்று படித்துவிடும்.

இந்த உறவு நேர்கோடாக இருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் அது ஒரு வளைவு. கீழே, 3 அல்லது 4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில், கொஞ்சம் வோல்டேஜ் கூட்டினாலே நல்ல வேகம் கிடைக்கும். உச்சிக்குப் போகப் போக ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். கணக்குக்காக ஒரு சிப்பை எடுத்துக்கொள்வோம். 5.5 கிகாஹெர்ட்ஸுக்கு அதற்கு 1.35 வோல்ட் வேண்டும், 5.0 கிகாஹெர்ட்ஸுக்கு 1.15 வோல்ட் போதும் என்று வைத்துக்கொண்டால், வேகத்தில் 9 சதவீதத்தை விட்டுக்கொடுப்பதற்கு மின்செலவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். சூட்டைக் குறைக்கும் வித்தை எல்லாம் இந்த வளைவுக்குள்தான் இருக்கிறது.

முன்பு இப்படி இல்லை. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே அளவில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் உண்டாகும் வெப்பம் மாறாது என்று 1974-இல் ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். சுமார் 30 ஆண்டுகள் தொழில்துறை அந்த வழியில்தான் ஓடியது. கசிவு பெரிதானதும் வோல்டேஜைக் குறைப்பது நின்றுபோனது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ இன்டெல் 2004-இல் கைவிட்டது. ஒரே பிராசஸரில் பல கோர்களை, அதாவது தனித்தனியே கணக்கிடும் பகுதிகளை, வைப்பது பரவலானது அதற்குப் பிறகுதான்.

இன்றைய டெஸ்க்டாப் பிராசஸர்கள் கடையிலிருந்து வரும்போதே வளைவின் உச்சியில் வைத்துத்தான் வருகின்றன. ஒப்பீட்டு அட்டவணையில் சில சதவீதம் முன்னால் தெரிய வேண்டும் என்ற போட்டியே காரணம் என்பேன். இன்டெல் கோர் ஐ9-13900கே-யின் அடிப்படை மின்செலவு 125 வாட், வேகத்தை ஏற்றி ஓடும் டர்போவில் 253 வாட். ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ்-இன் விவரக்குறிப்பில் 170 வாட் என்று இருக்கும், ஆனால் மதர்போர்டு சாக்கெட் வழியாக அது எடுக்கும் உச்ச அளவு 230 வாட். முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடுவது அந்தப் பிராசஸருக்கு வடிவமைப்பிலேயே வைத்த இயல்பு நிலை. பழுது என்று பயப்பட வேண்டாம். அதன் கோர்கள் இருக்கும் ஒவ்வொரு சிலிக்கான் துண்டும் (சிப்லெட்) சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். 100 வாட் அந்தச் சிறிய துண்டிலிருந்து வெளியேற வேண்டும். அதனால்தான் பெரிய கூலர் போட்டும் எதிர்பார்த்த அளவுக்கு டிகிரி இறங்குவதில்லை. நெரிசல் கூலருக்கு முன்னாலேயே, சிலிக்கானுக்கும் மேல்மூடிக்கும் இடையில் இருக்கிறது.

அப்படியானால் எங்கே கை வைப்பது? என் பரிந்துரை, முதலில் பவர் லிமிட், அதாவது பிராசஸர் எடுக்கக்கூடிய வாட்டின் எல்லை. இன்டெலில் இது பிஎல்1 (நீடித்த எல்லை), பிஎல்2 (குறுகிய நேர எல்லை) என்று பயாஸில் இருக்கும். ஏஎம்டியில் பிபிடி, சாக்கெட் வழியாக எடுக்கும் உச்ச வாட். பல ஏஎம்டி போர்டுகளில் ஈகோ மோட் என்ற ஒரே தெரிவாகவும் இருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈகோ மோடில் 65 வாட் என்றால் உண்மை எல்லை 88 வாட், 105 வாட் என்றால் 142 வாட். விவரக்குறிப்பில் எழுதும் எண்ணை விட 35 சதவீதம் அதிகமாக பிபிடி வைப்பது ஏஎம்டியின் வழக்கம். பவர் லிமிட்டைக் குறைத்தால் கணினி நிலைகுலையாது. பிராசஸர் தன் தொழிற்சாலை வளைவிலேயே கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வேகத்துக்கும் உரிய வோல்டேஜ் அப்படியே கிடைக்கிறது. கேம் விளையாடுவது, உலாவுவது போன்ற வேலைகளில் எல்லா கோரும் முழுச் சுமையில் ஓடுவதில்லை. ஆகவே எல்லையைத் தொடாமலே போகும், வித்தியாசமே தெரியாது. வீடியோ ரெண்டரிங் மாதிரி வேலைகளில் மட்டும் கொஞ்சம் நேரம் கூடும்.

வெப்பநிலைக் கணக்கும் எளிது. கூலர் ஒரு வாட்டுக்கு 0.3 டிகிரி ஏறவிடும் அளவில் இருக்கிறது, அறை 30 டிகிரி என்றால் 200 வாட்டில் 90 டிகிரி. 140 வாட்டில் 72 டிகிரி. கூலரைத் தொடவே இல்லை.

இதற்கு அடுத்த படிதான் அண்டர்வோல்டிங், அதாவது அதே வேகத்துக்குக் கொடுக்கும் வோல்டேஜைக் குறைப்பது. ஒரே மாடலாக இருந்தாலும் இரண்டு சிப்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. தயாரிப்பாளர் ஒவ்வொன்றுக்கும் வோல்டேஜ் வளைவைப் பதிக்கும்போது பாதுகாப்புக்கு ஒரு இடைவெளி விட்டே பதிக்கிறார். வயதாக ஆக டிரான்சிஸ்டர் மெதுவாகும், மதர்போர்டு மலிவானதாக இருக்கலாம், கனமான வேலை திடீரென்று தொடங்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் சரியும். 1 மில்லி ஓம் தடையில் 150 ஆம்பியர் பாய்ந்தாலே 0.15 வோல்ட் போய்விடும். இதையெல்லாம் நினைத்து விட்ட இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஏஎம்டியில் வோல்டேஜ் வளைவை நகர்த்தும் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பில் ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 10-இல் தொடங்கி மெதுவாக இறங்கலாம். இன்டெலில் ஆஃப்செட்டாக (வளைவிலிருந்து கழிக்கும் அளவாக) மைனஸ் 50 மில்லிவோல்ட் நல்ல தொடக்கம். சில இன்டெல் கணினிகளில் இந்த வசதி பூட்டியிருக்கும். வோல்டேஜை மென்பொருள் வழியாகக் குறைத்து, பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்து ரகசியத் தகவலைத் திருடலாம் என்று 2019-இல் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் காட்டியதன் விளைவு அது.

இங்கே பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. வோல்டேஜைக் குறைத்தும் டிகிரி அப்படியே இருக்கிறதே என்பார்கள். இன்றைய பிராசஸர் மிச்சமான வாட்டைச் சும்மா விடுவதில்லை. எல்லைக்குள் இடம் கிடைத்ததும் வேகத்தை ஏற்றி அதை நிரப்பிக்கொள்ளும். அண்டர்வோல்டிங்கால் கிடைத்ததை வேகமாக வாங்குவதா, குளிர்ச்சியாக வாங்குவதா என்பதைப் பவர் லிமிட்தான் முடிவு செய்கிறது. சூடு குறைய வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். வாட்டைக் குறைத்ததால் இழந்த வேகத்தில் நல்ல பங்கை அண்டர்வோல்டிங் திருப்பித் தந்துவிடும்.

விண்டோஸில் அதிகபட்ச பிராசஸர் நிலையை 99 சதவீதமாக்கும் குறுக்குவழியும் இருக்கிறது. பல கணினிகளில் அது டர்போவையே நிறுத்திவிடும். சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் ஒற்றை கோர் வேலைகளும் மந்தமாகிவிடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் எதையும் மாற்றுவதற்கு முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அவற்றில் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக் காலப்போக்கில் நிலைகுலைந்தன. 2024-இல் இன்டெல் இதை ஒப்புக்கொண்டு பிராசஸரின் உள்மென்பொருளான மைக்ரோகோடுக்குத் திருத்தங்களை வெளியிட்டது, உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சேதமான சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது என்பதால் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

சோதனையில்தான் பொறுமை வேண்டும். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் அரை மணி நேரம் ஓடிவிட்டது, அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. எல்லா கோரும் ஓடும்போது வேகம் நடுத்தரமாகவே இருக்கும். ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வோல்டேஜ் பற்றாக்குறை வெளியே வரும். அதனால்தான் கனமான சோதனையில் தேறிய கணினி, சும்மா ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. கோர்சைக்ளர் போன்ற கருவி ஒவ்வொரு கோராகத் தனியே சோதிக்கும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வன்பொருள் பிழை ஒன்று பதிவானாலும் சில படிகள் பின்வாங்க வேண்டும். நின்றுபோவதைவிட மோசமானது, நிற்காமல் தப்பாகக் கணக்குப் போட்டு கோப்புகளைக் கெடுப்பது. முக்கியமான வேலைக்கான கணினி என்றால் பவர் லிமிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், பெரும்பகுதி பலன் அதிலேயே வந்துவிடும்.

திரையில் தெரியும் கிகாஹெர்ட்ஸை மட்டும் நம்பவும் கூடாது. வோல்டேஜ் சரியும்போது ரைசன் பிராசஸர்கள் கடிகாரத் துடிப்பைக் கொஞ்சம் நீட்டிச் சமாளிக்கும். காட்டும் வேகம் அப்படியே இருக்கும், உண்மை வேகம் குறைந்திருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் உண்மை வேகத்தைக் காட்டும் ‘எஃபெக்டிவ் கிளாக்’ என்ற வரியையும், சோதனை மதிப்பெண்ணையும் பாருங்கள். வோல்டேஜைக் குறைத்த பிறகு மதிப்பெண் இறங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாம் படிந்த பிறகு ஃபேன் வேகத்தையும் தளர்த்திவிடலாம், சத்தம் அடங்கும். மாற்றிய எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் எல்லா அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எண்களை மறுபடி போட்ட பிறகு சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஏனென்றால் புதிய பயாஸ் வோல்டேஜ் கையாளும் விதத்தையே மாற்றியிருக்கக்கூடும்.