ஒளிவினையூக்கி

வெயில் விழும் வெளிச்சுவரில் பழைய பெயின்டைத் தேய்த்துப் பாருங்கள், உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை வாங்கி, தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையே சிதைப்பது இதற்கு ஒரு காரணம். பெயின்ட் தொழிலுக்குத் தொல்லையான இந்தக் குணம்தான், மருந்து கலந்த கழிவுநீருக்கு வரமாகிறது. ஒளியை வாங்கி வினையை விரைவுபடுத்தும் இத்தகைய பொருள் ஃபோட்டோகேட்டலிஸ்ட், தமிழில் ஒளிவினையூக்கி.

கிரேக்கத்தில் 'ஃபோஸ்' என்றால் ஒளி. 'கட்டாலிசிஸ்' என்றால் கட்டவிழ்தல், கரைதல். அதை 1835இல் வேதியியலுக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடனின் வேதியியலாளர் பெர்சீலியஸ். தமிழ் வேறு பக்கமிருந்து பெயரிட்டது: வினையை ஊக்குவது வினையூக்கி. வினை, ஊக்கு என்ற இரு சொற்களும் குறளில் அடுத்தடுத்தே நிற்கின்றன: "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்." அங்கே ஊக்குதல் முனைதல். ஆனாலும் முதலை இழக்காமல், அதாவது தான் செலவாகாமல், வினை முடிப்பதுதானே வினையூக்கியின் இலக்கணம்! எனக்கு இந்தப் பொருத்தம் மிகவும் பிடிக்கும்.

சிலர் 'ஒளியூக்கி' என்று சுருக்குகிறார்கள். அது வேண்டாம். ஒளியை ஊக்குவது என்றும், ஒளியே ஊக்கி என்றும் பொருள்படும். ஒளி இங்கே செலவாகிறது, பொடிதான் மிஞ்சுகிறது. ஒளியால் நிகழும் வினையை ஊக்குவது என்று விரியும் ஒளிவினையூக்கியே சரி. நிகழ்வுக்குப் பெயர் ஒளிவினையூக்கம்.

ஒளி பட்டதும் பொடியில் ஓர் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவும். அது விட்டுப்போன இடம் 'துளை'. அந்தத் துளை நீரிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும்போது ஹைட்ராக்சில் தனிஉறுப்பு என்ற, எளிதில் வினைபுரியும் துகள் பிறக்கிறது. அதுவே மருந்து மூலக்கூறின் வளையங்களைத் தாக்கி உடைக்கிறது.

இது ஏன் தேவை? ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில், மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. மருந்து உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இராது. வழக்கமான சுத்திகரிப்பு பாக்டீரியாவை நம்பியது. நுண்ணுயிர்க்கொல்லியோ அவற்றையே கொல்லும். தப்பிப் பிழைப்பவை மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகும். நெஞ்சை உறுத்தும் செய்தி இது.

டைட்டானியம் டை ஆக்சைடுக்குச் சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம், அதாவது புற ஊதா ஒளி, வேண்டும். வெயிலில் புற ஊதா ஏறத்தாழ 5 சதவீதமே. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இயங்கும் மஞ்சள் நிறக் கார்பன் நைட்ரைடு போன்றவற்றை ஆராய்வது அதனால்தான். கலங்கிய நீரில் ஒளி இறங்காது என்பது தனிச் சிக்கல்.

கூடவே ஒரு சொல்லையும் பழகிக்கொள்ள வேண்டும்: கனிமமாக்கல். மூலக்கூறு உடைந்தால் அது சிதைவு. துண்டுகளில் சில அப்போதும் கிருமியைக் கொல்லலாம். கரியமில வாயு, நீர், எளிய உப்புகள் என்ற அளவுக்கு முழுதாகப் பிரிந்தால்தான் கனிமமாக்கல்.